ஊதிக் காட்ட முடியாதவர்கள்

அட்டவணையை அவள் கீழிருந்து மேலாகத்தான் படிப்பாள். முதலில் அடிக்குறிப்பு, பிறகு மொத்தம், கடைசியாகத் தலைப்பு. நாங்களெல்லாம் தலைப்பைப் பார்த்ததும் எங்களுக்கு வேண்டிய எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள். அவள் மொத்தத்தின் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு, "எல்லாரும் உள்ள வந்துட்டாங்களா?" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவாள். ஓர் ஆள் குறைந்தாலும் அந்த அட்டவணை அவள் மேசையை விட்டு நகராது.

திருவள்ளூருக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் நான் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் எங்கள் துறைக்குப் புள்ளியியலாளராக வந்தாள். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. டாக்டர்கள் வார்டுகளிலும் கிராமங்களிலும் திரட்டிவரும் தகவல்களைக் கணினியில் ஏற்றி, ஆய்விதழில் அப்படியே அச்சுக்குப் போகிற மாதிரி அட்டவணைகளாக ஆக்கித்தர வேண்டும். அதற்கென்று இருக்கிற ஒரு புள்ளியியல் மென்பொருளில் அவள் நிரல் எழுதுவாள். திரையில் வரிவரியாக எதையோ எழுதிக்கொண்டே போவாள். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் முழு அட்டவணையும் தலைப்போடும் அடிக்குறிப்போடும் வந்து நிற்கும். நெடுக்குக் கோடு ஒன்றுகூட இருக்காது. மேலே ஒன்று, தலைப்புக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்றே மூன்று கிடைக்கோடுகள். தசமப் புள்ளிகள் எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கும். கட்டம் கட்டிக் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்குமே என்று ஒரு பேராசிரியர் சொன்னபோது, "கம்பி போட்ட ஜன்னலாட்டம் இருக்கும் சார்" என்றாள்.

ஒரு முறை நான் அவள் கொடுத்த அட்டவணையில் ஓர் எண்ணை நானே திருத்திவிட்டேன். இரண்டு நோயாளிகளின் விவரம் தாமதமாக வந்திருந்தது. அவளை எதற்குத் தொந்தரவு செய்வானேன் என்று முப்பத்தொன்றை முப்பத்துமூன்று ஆக்கினேன், அவ்வளவுதான். மறுநாள் என் அறைக்கு வந்து நின்றாள். கோபமில்லை. விகிதம் மாறவில்லை, மொத்தம் மாறவில்லை, இரண்டு பேர் வாசற்படியிலேயே நிற்கிறார்கள் என்றாள். பிறகு அவர்கள் விவரத்தைத் தரவில் சேர்த்து, பொத்தானை அழுத்தி, முழு அட்டவணையையும் புதிதாக எடுத்துத் தந்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண்களைக் கையால் அடிப்பதே இல்லை என்பது அவள் வைத்திருந்த விரதம். தரவிலிருந்து வராத எண் யாருடைய எண் என்று கேட்பாள்.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பள்ளிப்பட்டுப் பக்கம் ஊர். திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி ஊருக்குப் போவாள், திங்கள் காலையில் பையோடு நேராகக் கல்லூரிக்கு வருவாள். வந்ததும் வராததுமாக எல்லோரிடமும் நாஷ்டா ஆச்சா என்று கேட்பாள். வராந்தா பெருக்குகிற அம்மாவையும் கேட்பாள். அந்த அம்மா இல்லை என்றால் பையிலிருந்து எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கணினியைத் திறப்பாள்.

கல்லூரியின் அங்கீகாரத்துக்காக ஆய்வுக் குழு வரவிருந்த சமயம், விடுதிச் சாப்பாட்டைப் பற்றி மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்கி அட்டவணை போடச் சொன்னார்கள். போட்டாள். மிக நன்று, நன்று, சுமார் என்று வரிசையாகப் போய், அடியில் 'பதில் சொல்லாதவர்கள்' என்று ஒரு வரி. அந்த வரிதான் எல்லாவற்றிலும் பெரிது. முதல்வர் அவளைக் கூப்பிட்டு, பதில் சொல்லாதவனுக்கு எதற்கம்மா ஒரு வரி என்றார். "சொல்லலன்றதும் ஒரு பதில்தானே சார்" என்றாள். அவர் ஒயிட்னரை எடுத்து அந்த வரியை அழித்து நகல் எடுக்கச் சொன்னார். நாங்கள் பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் தன் கோப்பில் அழிக்காத பிரதியைத்தான் வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஒரு வேடிக்கையான பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன், கும்மிடிப்பூண்டி ஆய்வு வரும்வரை.

அங்குள்ள தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளிலும் வார்ப்பட ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆய்வு. நான்தான் தலைமை. ஆலைகளில் அனுமதி வாங்க எங்கள் துறைத்தலைவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. கருவியை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொருவரையும் மூச்சை நன்றாக இழுத்து, குழாயில் வேகமாக ஊதச் சொல்ல வேண்டும். அப்படி மூன்று தடவை சரியாக ஊதினால்தான் கணக்கில் எடுப்போம். நானூற்றுச் சொச்சம் பேர். முடித்துவிட்டுத் தரவை அவளிடம் கொடுத்தேன். பதவி உயர்வு நேர்காணலுக்கு முன்னால் கட்டுரையை அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அவள் முதலில் எடுத்த அட்டவணையைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோயிற்று. பெரும்பாலானவர்களின் நுரையீரல் நன்றாகவே இருந்தது. கட்டுரையின் முடிவுரையை அன்று மாலையே எழுதத் தொடங்கிவிட்டேன்.

மறுநாள் அவள் வந்து, பதினைந்து பேரைக் காணவில்லை என்றாள்.

ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த மென்பொருள் ஓசைப்படாமல் அந்த ஆளை ஒதுக்கிவிட்டு மீதிப் பேருக்குக் கணக்குப் போட்டுவிடும். ஒதுக்கியவர்களையும் காட்டு என்று நாமாகக் கேட்டால்தான் காட்டும். அவள் எப்போதும் கேட்பவள். கேட்டிருக்கிறாள், பதினைந்து பேருக்கு ஊதி எடுத்த அளவே இல்லை. நான், சரியாக ஊதியிருக்க மாட்டார்கள், விட்டுவிடலாம், எல்லா ஆய்விலும் சிலர் கழிவது வழக்கம் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் பார்த்தால் பொருள் வைக்கிற அறையில் தரையில் உட்கார்ந்து மூலப் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பதினைந்து படிவங்களையும் தேடி எடுத்து என் மேசையில் பரப்பினாள். அளவு எழுத வேண்டிய இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில் பென்சிலால் எங்கள் டெக்னீஷியனின் சின்ன எழுத்து: 'இருமல்', 'இருமல்', 'முடியவில்லை', 'இருமல்'. பதினைந்தில் பன்னிரண்டு பேர் உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் டாக்டர். புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நேர்காணலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஊருக்குப் போகவில்லை. திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருக்கிறாள். அது அவள் வேலையே இல்லை. படிவத்தில் இருந்த பெயர்களை வைத்துக்கொண்டு ஆலை வாசல் டீக்கடைகளிலும், தொழிலாளர்கள் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் அறைகளிலும் விசாரித்திருக்கிறாள். பாதிப் பேர் ஒடிசாக்காரர்கள். அவளுக்கு இந்தி வராது. ஆனால் அவர்களில் சிலருக்குத் தெலுங்கு தெரிந்திருந்தது. ஆந்திரா எல்லையில் வளர்ந்த அவளுக்கும் தெரியும். அதை வைத்துச் சமாளித்துவிட்டாள். பதினைந்தில் பதினோரு பேரைப் பார்த்துவிட்டாள். நான்கு பேர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை வந்து இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். அடுத்த வாரம் நானும் ஸ்டெதஸ்கோப்போடு கூடப் போனேன். உலையில் இருபது வருடம் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மூணு தபா ஊதனேம்மா. மூணு தபாவும் பாதில இருமல் வந்துச்சு. இன்னொரு தபா ஊதறேன்னேன். பின்னாடி ஆளுங்க நின்னுகினு கீறாங்க, நீ போன்னுட்டாங்க."

அவர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு பேரில் ஒன்பது பேரின் நெஞ்சு ஒரே மாதிரி சத்தம் போட்டது. ஊத முடியாதபடி நுரையீரல் கெட்டவர்களை எல்லாம் கழித்துவிட்டு, மிச்சம் இருந்தவர்களை வைத்துக்கொண்டு, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவுரை எழுதியிருக்கிறேன்.

அவள் அட்டவணையை மறுபடி எடுத்தாள். இந்த முறை ஒவ்வொரு வேலைப் பிரிவின் கீழும் ஒரு வரி கூடியிருந்தது: 'ஊதிக் காட்ட முடியாதவர்கள்'. அலுவலகத்திலும் கிடங்கிலும் அந்த வரியில் கிட்டத்தட்ட ஆளே இல்லை. உலைப் பிரிவுக்கு வரும்போது எண் எழுந்து நிற்கும். புள்ளியியல் தெரியாத ஒருவர்கூட அதைப் பார்த்தால் உலைப் பக்கம் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

துறைத்தலைவரும் சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த வரியை எடுக்கச் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அனுமதி கொடுத்த ஆலைக்காரர்கள் இனி வாசலில் விட மாட்டார்கள், அடுத்த ஆய்வுகளெல்லாம் நின்றுபோகும் என்பது அவர் கவலை. முழுமையாகாத பரிசோதனைகளை நீக்கினோம் என்று உள்ளே ஒரு வாக்கியம் எழுதினால் போதும், உலகமெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அதுவும் உண்மைதான். அவள் அதற்கு, வாக்கியத்தை யாரும் படிக்க மாட்டார்கள், அட்டவணையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்றாள். துறைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், ஒப்பந்தத்தில் இருக்கிற ஒரு பெண் துறைத்தலைவருக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குரலை உயர்த்தினார். அவள் உயர்த்தவில்லை.

"தலைப்புல 'தொழிலாளர்கள்'னு போட்டிருக்கோம் சார். அப்போ இவங்கள்லாம் யாரு?"

நான் தலைமை ஆய்வாளர். பேச வேண்டியவள் நான். மேசையில் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் துறைத்தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபம் தணிந்திருந்தது. நீ அவ்வளவு சொன்னால் வரி இருக்கட்டும், ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் ஆசிரியர் பட்டியலில் இருக்கக் கூடாது, கடைசியில் நன்றியில் போட்டுக்கொள் என்றார். வரி வேண்டும் என்று நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் சரி என்றேன். அறையை விட்டு வெளியே வரும்போதே மனசுக்குள் நியாயம் தயாராக இருந்தது. அவளுக்கு முக்கியம் அந்த வரிதானே, பெயரா? கேட்டால் அவளே சரி என்று சொல்லிவிடுவாள். அதனால் கேட்கத் தேவையில்லை என்று முடிவுசெய்துகொண்டேன்.

கட்டுரை வெளிவர எட்டு மாதமாயிற்று. அதற்குள் நேர்காணல் முடிந்து நான் இணைப் பேராசிரியர் ஆகியிருந்தேன். பிரதி வந்த அன்று அவளே அச்செடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். எதிரே உட்கார்ந்து, வழக்கம்போல அட்டவணையைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். தசமப் புள்ளிகளை இதழ்க்காரர்கள் கலைக்கவில்லை என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். ஐந்து பெயர்கள். ஒரு தடவை படித்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போய் நன்றிக் குறிப்பைப் படித்தாள். திரும்ப முதல் பக்கம்.

நான் அவசர அவசரமாகத் துறைத்தலைவர் சொன்னதைச் சொன்னேன். வரியா, பெயரா என்று வந்தபோது வரியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன், நீயாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்பாய் என்றேன்.

"ஆமா மேடம். கேட்டிருந்தா நானே எடுத்துக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள். தாள்களை ஒழுங்காக அடுக்கி ஒரு குண்டூசி குத்தினாள். "நீங்க கேக்கல."

கையிலிருந்த வேலைகளை எல்லாம் முடித்து, எந்த நிரல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்துவிட்டு, ஒப்பந்தம் முடிகிற மாதம் விலகிக்கொண்டாள். சென்னையில் மருந்துப் பரிசோதனைகளுக்கு அட்டவணை எடுத்துத்தரும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். விடைபெறும்போது என்னிடம் நன்றாகத்தான் பேசினாள். அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

அந்த அட்டவணையை மாவட்டச் சுகாதார அதிகாரிகள் யாரோ பார்த்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம் போட்டார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். எங்கள் பதினோரு பேரில் எட்டுப் பேருக்குச் சிகிச்சை தொடங்கியது. லுங்கிக்காரரை உலையிலிருந்து எடுத்து வாசல் காவலுக்குப் போட்டார்கள். ஊருக்குப் போன நான்கு பேரைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. முகாமில் ஓர் அதிகாரி அந்த அட்டவணையைக் காட்டி, பார்த்தவுடனே புரிகிறது டாக்டர், யார் போட்டது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன்.

அன்றிரவு ஒன்றும் செய்யவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் ஆய்விதழுக்கு எழுதினேன். ஆசிரியர் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது, தவறு என்னுடையது, திருத்தம் வெளியிட வேண்டும் என்று. துறைத்தலைவரிடமும் போய்ச் சொன்னேன். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கு, உன் இஷ்டம் என்றார். மற்ற ஆசிரியர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்துத் திருத்தம் வெளிவந்தது. மூன்று வரி. அதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். எனக்குள் ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது.

மறுநாள் பதில் வந்தது. "பார்த்தேன் மேடம். தேங்க்ஸ். இனிஷியல் தப்பு."

கல்லூரிப் பதிவேட்டில் இருந்ததைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். அதில் மூன்று வருடமாகவே தப்பாக இருந்திருக்கிறது. இரண்டு தடவை அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தும் யாரும் மாற்றவில்லையாம். உடனே அவளைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிப்பட்டில் வீட்டில் இருந்தாள். உன் அப்பா பெயர் என்ன என்று கேட்டேன். மூன்று வருடம் கூட வேலை செய்தவளிடம் அதை அப்போதுதான் கேட்கிறேன்.

"இருங்க மேடம், நைனா இங்கதான் கீறாரு. அவராண்டயே கேளுங்க."

தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவர் வந்து பேசினார். என்ன விஷயம் என்று கேட்டார். உங்கள் பெண் செய்த ஒரு வேலை அச்சில் வந்திருக்கிறது, அதில் அவள் பெயர் சரியாக வர வேண்டும், அதற்காகக் கேட்கிறேன் என்றேன். அது என்ன வேலை என்றார். கும்மிடிப்பூண்டியில் இருமிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். இதெல்லாம் வீட்டில் அவள் சொன்னதே இல்லை என்றார். பிறகு தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இத்தினி எழுத்தும் போடுவீங்களாம்மா?"

முதல் எழுத்து மட்டும்தான் வரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பரவால்ல. அத்த கொஞ்சம் பெருசா போடச் சொல்லுங்க" என்றார்.

இரண்டாவது திருத்தம் வெளிவர ஐந்து மாதம் பிடித்தது. அந்த எழுத்து சரியாக இருந்தது. அளவுதான் மற்ற எழுத்துகளின் அளவு. அவளுக்கு அனுப்பும்போது அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, அப்பாவிடம் காட்டு என்று எழுதி அனுப்பினேன்.